ஆறு பேருக்கு ஒரு மேற்குச் சுவர்

ராக்கப்பன் சர்க்கரை டப்பாவில் கோடு போட்டு வைப்பவர். டப்பாவின் வெளிப்பக்கம் மார்க்கரால் சின்னதாக ஒரு கோடு, பக்கத்தில் தேதி. ஊறுகாய் பாட்டிலுக்கும் அப்படித்தான். அறை வாசலில் செருப்பை விடும்போது இடதை வலப்பக்கமாக மாற்றி விடுவார். யாராவது போட்டுக்கொண்டு போய்த் திரும்ப விட்டால் சரியாக விட்டுவிடுவார்கள், அதில் மாட்டிக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. இதை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார். எத்தனை பேர் மாட்டினார்கள் என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் ஒருத்தனும் மாட்டல சார். அம்புட்டு உசாரா இருக்காய்ங்க."

என் பெயர் வாசு. ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையின் ஆபீஸில் உட்கார்ந்து, ஆட்களின் விசா, லீவு, தங்கும் அறை, புகார் எல்லாம் பார்க்கிறேன். முந்நூறு பேர் வந்து போகும் இடம். அதில் ராக்கப்பனைப் பற்றி மட்டும் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அவருக்கு நான் ஒரு கெடுதல் செய்தேன். அதை ஒளித்துவிட்டு அவர் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. வயது நாற்பத்தெட்டு. மதுரையில் ஒரு கண்ணாடிக் கடையில் தொழில் கற்றுக்கொண்டு, கல்யாணமான மறுவருஷம் கத்தாரில் தோஹாவுக்குப் போனார். அதன் பிறகு மனைவி நாகவள்ளியோடு சேர்ந்தாற்போல் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. மகள் நாகஜோதி நர்சிங் படிக்கிறாள். கண்ணாடி மேல் ஒரே ஒரு கீறல், மேசை விளிம்பில் ஒரு தட்டு, இரண்டாகப் பிரிந்துவிடும். பதினேழு வருஷத்தில் கையில் ஒரு தையல்கூடப் போட்டுக்கொள்ளாத வெட்டுக்காரர் எங்கள் தொழிற்சாலையில் அவர் ஒருவர்தான். எதையும் நம்பாதவர் என்பதால் கண்ணாடியையும் நம்பமாட்டார்.

இந்தக் குணம் பிறவியில் வந்ததா என்று தெரியாது. தோஹா தொழில்பேட்டையில் முற்றிவிட்டது, அது நிச்சயம். அங்கே பன்னிரண்டு பேர் அறையில் தன் கட்டிலுக்கு மேல் ஒரு முருகன் படம் மாட்டியிருந்தார். லீவில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது அறைக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சுவரில் இருந்த எல்லாவற்றையும் பெயிண்டர்கள் கழற்றி, வெளியே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். ஓர் இலங்கைக்காரரின் மாதா படமும், பாகிஸ்தானி ஒருவரின் மக்கா படம் போட்ட காலண்டரும் அதோடுதான் போயின. எல்லாரும் திட்டினார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். ராக்கப்பன் மறக்கவில்லை.

"பெயிண்டர் போட்டான்னு சொல்றாய்ங்க. பெயிண்டருக்குச் சொல்லிவிட்டது யாரு? அதச் சொல்ல மாட்டேங்குறாய்ங்க சார்."

அதன் பிறகு வாங்கிய படத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். காலையில் பெட்டி மூடியை ஒரு சாண் தூக்குவார், கும்பிடுவார், மூடுவார். எட்டு வருஷம் இப்படியே போனது. சாமி கும்பிடும்போதுகூட ஒரு கண் வாசல் மேல்தான்.

ஷார்ஜாவுக்கு வந்து, ஆட்கள் தங்கும் எங்கள் கேம்ப்பில் மூன்றாவது மாடி, பதினான்காம் நம்பர் அறையில் ஆறாவது ஆளாகச் சேர்ந்தார். அங்கே மேற்குச் சுவரில் யாரோ அடித்த ஆணி ஒன்று காலியாக இருந்தது. சாமி கிழக்கே பார்க்க வேண்டும் என்றால் படம் மேற்குச் சுவரில்தான் இருக்க வேண்டும். ஒரு வாரம் அந்த ஆணியை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தொழிற்சாலையில் மிஞ்சிய கண்ணாடித் துண்டு ஒன்றைப் படத்தின் அளவுக்குத் தானே வெட்டி, விளிம்பை வழவழவென்று தேய்த்து, சட்டம் போட்டு மாட்டினார். யாரையும் கேட்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. ஒரு வார்த்தை யாராவது முணுமுணுத்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஒருவரும் வாய் திறக்காததுதான் அவருக்கு உதைத்தது.

ஆனாலும் படத்தைக் கழற்றவில்லை. "எட்டு வருசம் பெட்டிக்குள்ள கெடந்த சாமி சார். இப்பத்தான் வெளிச்சத்தப் பாக்குது. இனிமே உள்ள வைக்க மாட்டேன், வேலையே போனாலும் சரி," என்றார். வேலை போவதைப் பற்றி அவர் விளையாட்டாகக்கூடப் பேசி நான் கேட்டதில்லை. அதனால் அது எவ்வளவு பெரிய பேச்சு என்று எனக்குப் புரிந்தது.

அந்த அறையில் ஒருவர் ஊருக்கே திரும்பிவிட, அவர் கட்டிலுக்கு இந்த வருஷம் தை மாதவாக்கில் சாகிர் வந்தார். மேலப்பாளையத்துக்காரர், முப்பத்தாறு வயது, டிப்ளமோ படித்தவர், எங்கள் ஸ்டோரில் சாமான் கொடுத்து வாங்கும் வேலை. அதிகம் பேசமாட்டார். காலை ஆறுக்குப் போய் ஒன்றே முக்காலுக்கு டூட்டி முடித்து வருவார். ராக்கப்பனுக்கு மதியம் ஒன்றரைக்குக் கிளம்பினால் இரவு பத்தாகும். மற்ற நால்வரும் வெளி சைட்டில் வேலை செய்பவர்கள், விடிவதற்குள் போய் இருட்டிய பிறகு வருபவர்கள். ஆக, தினமும் மதியத்திலிருந்து இருட்டும் வரை அந்த அறையில் சாகிர் மட்டும்தான் இருப்பார். அவரும் முருகனும்.

மாசி மாதம் ராக்கப்பன் ஒன்றைக் கண்டுபிடித்தார். படத்தில் தூசி இல்லை.

"வெள்ளிக்கெழம மட்டுந்தான் சார் நான் தொடைக்கிறது. புதன்கெழம பாக்குறேன், பளிங்கு மாதிரி இருக்கு. படம் ஒரு நூல் சாஞ்சிருக்கு. எவனோ எடுக்குறான், தொடைக்கிறான், மாட்டுறான். அடுத்தவன் சாமியத் தொடச்சு வைக்கிறவன் இந்த ஒலகத்துல எவன் சார் இருக்கான்?"

அழுக்காக்கினால் சந்தேகப்படுவார்கள். சுத்தமாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்ட ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன். சிரித்து அனுப்பிவிட்டேன். மறுவாரம் அவர் வந்தபோது சிரிக்க முடியவில்லை.

ஒரு மதியம் அடையாள அட்டையை மறந்துவிட்டு வேனில் ஏறியவர், பாதியில் இறங்கித் திரும்ப நடந்து வந்திருக்கிறார். அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. முருகன் படத்தை ஒரு புதுத் துண்டு முழுக்க மூடியிருந்தது. அதற்கு நேர் எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியில், சாகிர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருந்தார்.

ராக்கப்பன் உள்ளே போகவில்லை. அட்டையையும் எடுக்கவில்லை. வந்த வழியே ஓடியிருக்கிறார்.

"சாமி மொகத்த மூடிப்புட்டு, எதுக்க உக்காந்து மந்திரம் ஓதுறான் சார். இது செய்வினைதான். எனக்கு இல்லாட்டி என் மகளுக்கு."

"அவரையே கேட்டீங்களா? ரெண்டு பேரும் தமிழ்தானே பேசறீங்க?"

"கேட்டா உசாராயிருவான் சார். நாளைக்குப் படமே இருக்காது. இன்னொன்னு பாத்தீங்களா? ஞாயித்துக்கெழம நான் ரூமுல இருக்கைல அவன் நாற்காலியத் தொடுறதே இல்ல. நொண்டிக்கிட்டே வெளிய போயிருறான். நான் இல்லாதப்ப மட்டும் பண்றான்னா என்ன அர்த்தம்? அவன வேற ரூமுக்கு மாத்துங்க. எழுதிக் குடுக்குறேன்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவர் அரண்டவர், சரி. எனக்கு என்ன வந்தது? படித்தவன் நான். மூன்று மாடி ஏறிப்போய் சாகிரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை. சாகிர் என்ற பெயரைக் கேட்டதுமே நான் நம்பிவிட்டேன் என்பதுதான் உண்மை. எங்கள் வீட்டுப் பூஜை அலமாரிக்குக் கதவு உண்டு. வாசல் மணி அடித்தால் என் மனைவி சுசீலா முதலில் அந்தக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வாசலைத் திறப்பாள். சாத்து என்று இந்த ஊரில் யாரும் எங்களிடம் சொன்னதில்லை. நாங்களாகவே சாத்திக்கொண்டோம். ராக்கப்பனின் பெட்டியைப் பார்த்துச் சிரித்த எனக்கும் ஒரு பெட்டி இருந்தது, கொஞ்சம் பெரியது.

ராக்கப்பன் தமிழில் எழுதிக் கொடுத்ததில் விஷயம் இரண்டே வரி. என் சாமி படத்தை சாகிர் மூடுகிறார், அவரை வேறு அறைக்கு மாற்றவும். அதை ஆங்கிலத்தில் மாற்றி மெயிலாகக் கேம்ப் மேனேஜர் கௌரிசங்கருக்கு அனுப்ப வேண்டியது என் வேலை. மாற்றும்போது மூன்றாவதாக ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். 'மத உணர்வைப் புண்படுத்த வேண்டுமென்றே செய்யப்படும் செயல் இது.' இந்த நாட்டில் எந்த மதத்தை அவமதித்தாலும் பெரிய குற்றம். அந்த வரியின் கனம் தெரிந்தேதான் எழுதினேன். அப்போதுதான் மேலே இருப்பவர்கள் அசைவார்கள் என்று நினைத்தேன்.

அன்று மாலை என் மகள் சம்யுக்தா ஹோம்வொர்க்கோடு வந்து நின்றாள். அவள் படிப்பது அமெரிக்கப் பாடத்திட்டம். வெள்ளைக்காரர்கள் முதன்முதலில் கப்பலேறி அமெரிக்காவில் குடியேறிய காலத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம்.

"அப்பா, அவங்க நாட்டுல அவங்க இஷ்டப்படி ப்ரே பண்ண விடலன்னுதானே இவ்வளவு தூரம் ஷிப்ல வந்தாங்க? வந்ததும் வேற மாதிரி ப்ரே பண்ணவங்கள சவுக்கால அடிச்சிருக்காங்க. ஊரை விட்டே துரத்தியிருக்காங்க. சில பேரைத் தூக்குல போட்டிருக்காங்க. அவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியுமே, பின்ன ஏன்ப்பா?"

"அறிவு கெட்டவங்கம்மா," என்றேன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்படித் துரத்தின ஒருத்தர் பக்கத்துலயே தனியா ஒரு ஊர் ஆரம்பிச்சு, இங்க யாரும் எப்படியும் ப்ரே பண்ணலாம்னு சொன்னாராம். அவரையும் எல்லாரும் சந்தேகமாவே பாத்தாங்களாம். அதுக்கு ரீசன் என்ன எழுதறது?"

பயம் என்று எழுதச் சொன்னேன். சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டேன். காலையில் அனுப்பிய மெயில் என் நினைவுக்கே வரவில்லை.

மூன்றாம் நாள் கௌரிசங்கர் எங்களை அழைத்தார். நாக்பூர்க்காரர், காலையில் நெற்றியில் குங்குமத்தோடு வருபவர். ராக்கப்பன் பக்கம்தான் பேசுவார் என்று நானும் ராக்கப்பனும் நம்பிக்கொண்டு போனோம். சாகிர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. அவர் கையில் என் மெயிலின் நகல் இருந்தது. மூன்றாவது வரியை யாரோ மஞ்சள் பேனாவால் கோடிட்டிருந்தார்கள்.

கௌரிசங்கர் இந்தியில் கேட்டார். சாகிர் தமிழில், ராக்கப்பனைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"அண்ணாச்சி, எனக்கு வலது முட்டி போயிட்டு. ஸ்டோர்ல ரேக் சாஞ்சு விழுந்ததுல. குனிஞ்சு நிமிர்ந்து தொழக்கூடாது, நாற்காலியில உக்காந்து தொழுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒவ்வொரு வேளைக்கும் கீழ பள்ளிவாசலுக்கு மூணு மாடி எறங்கி ஏற முடியல. அதான் ரூம்லயே தொழுதேன். நாங்க இங்கேருந்து மேக்கே பாத்துல்லா தொழணும். அந்தச் செவுத்துக்கு முன்னாலதான் ஒரு நாற்காலி போடுத அளவுக்கு எடம் இருக்கு. உக்காந்தா நேரா கண்ணு மட்டத்துல உங்க படம். எங்களுக்கு முன்னால உருவம் இருக்கக்கூடாது. அதுக்காகத்தான் ஒரு புதுத் துண்டு வாங்கி மூடுவேன். அந்தத் துண்ட வேற எதுக்கும் தொடுறதில்ல. தொழுது முடிச்சதும் எடுத்துட்டு, நூலு ஏதும் ஒட்டியிருக்கும்னு கண்ணாடியையும் தொடச்சு வைப்பேன். வேற ஒண்ணும் இல்ல."

ஊரில் ஆளுக்கொரு வீடு, வீட்டுக்கு நாலு சுவர். இங்கே ஆறு பேருக்கு ஒரு மேற்குச் சுவர். கிழக்கே பார்க்க வேண்டிய சாமிக்கும் அதே சுவர்தான் வேண்டும், மேற்கே பார்த்துத் தொழுபவருக்கும் அதே சுவர்தான் வேண்டும். இதைப் பதின்மூன்று வருஷமாக அறை ஒதுக்கும் நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

ராக்கப்பன் சாகிர் பக்கம் திரும்பி, "இத எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல பாய்?" என்றார்.

"எப்படிச் சொல்ல அண்ணாச்சி? நீங்க சர்க்கரை டப்பாவுக்கே கோடு போடுறவரு. படத்தைக் கழத்தச் சொல்லுதான்னு நெனைச்சு, நேரா ஆபீஸுக்குப் போய் எழுதிக் குடுத்துருவீங்களோன்னு பயந்துட்டேன்."

எல்லாவற்றையும் கௌரிசங்கருக்கு நான் இந்தியில் சொன்னேன். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார் ராக்கப்பன். கௌரிசங்கர் என் மூன்றாவது வரியில் விரலை வைத்தார். இப்படி ஒரு வார்த்தை எழுத்தில் வந்த பிறகு சும்மா விட்டால் நாளைக்குத் தன் கழுத்துக்கு வரும், கலாஸ், பேச்சு முடிந்தது என்றார். குங்குமம் வைத்தவர் நமக்குச் சாதகம் என்று நினைத்தோமே, அவருக்கும் எங்கள் எல்லோர் மேலும் சந்தேகம்தான். மறுநாளே சுற்றறிக்கை வந்தது. கேம்ப் அறைகளில் எந்த மதத்தின் படமும் கூடாது, எந்த மதத்தின் வழிபாடும் கூடாது. சாகிரை வேலையை விட்டு அனுப்பவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ராக்கப்பன் படத்தைத் தன் கையாலேயே கழற்றிப் பெட்டியில் வைத்தார். எந்த நாளும் நடக்கக்கூடாது என்று அவர் அஞ்சியது நடந்துவிட்டது. இந்த முறை பெயிண்டரைக் குறை சொல்ல முடியாது, ராக்கப்பனே கொடுத்த புகாரால்தான் வந்தது. சாகிர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று, தொழுகைக்கு இறங்கிப்போக ஆரம்பித்தார். ராக்கப்பன் ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் நின்று அதைப் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை காலை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இன்னொரு லெட்டர் எழுதுங்க சார். பாய் ரூம்லயே நாற்காலியில ஒக்காந்து தொழட்டும், எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லண்டு."

"உங்க படம்?"

"அத நான் எந்த மொகத்தோட கேக்குறது? பாயிக்கு மட்டும் எழுதுங்க."

எழுதினேன். என் குற்ற உணர்ச்சியில் அது ஒரு பக்கத்துக்கு நீண்டுவிட்டது. மதநல்லிணக்கம், சகோதரத்துவம் என்று எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தை எல்லாம் போட்டேன். தமிழில் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்," என்று பேனாவைக் கேட்டார்.

சர்க்கரையை, செருப்பை, பெயிண்டரை, தூசியில்லாத கண்ணாடியை எல்லாம் சந்தேகப்பட்ட மனிதர், சந்தேகப்பட்டிருக்க வேண்டிய ஒரே ஆளான என்னைச் சந்தேகப்படவில்லை. கையெழுத்துப் போட்டு முடித்தார். சொல்லிவிட்டேன். நீங்கள் கொடுத்தது இரண்டு வரி, மூன்றாவது வரி என்னுடையது, படம் இறங்கியது அந்த வரியால்தான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையெழுத்துப் போட்ட தாளை என் மேசையிலிருந்து மெதுவாக இழுத்து எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஒரு கடிதத்தோடு வந்தார். என்னுடையது இல்லை. சாகிரின் கையெழுத்தில், ஆங்கிலத்தில், நான்கே வரி. அறை எண் பதினான்கில் இருவரும் ஒரே சுவரைப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதிக்கிறோம், தொழும் நேரத்தில் படத்தை மூடுவதில் ராக்கப்பனுக்கும், மற்ற நேரத்தில் படம் அங்கே இருப்பதில் சாகிருக்கும் மறுப்பில்லை. கீழே இருவரும் கையொப்பமிட்டிருந்தார்கள். அறையின் மற்ற நால்வரிடமும் வாங்கியிருந்தார்கள். ஆறு பேர் எழுத்து மூலம் ஒத்துக்கொண்டதைப் பார்த்ததும் கௌரிசங்கருக்குப் பயம் தெளிந்துவிட்டது. ஊதுபத்தி கொளுத்தக்கூடாது என்ற ஒரு நிபந்தனையோடு, அந்த அறைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்.

உத்தரவு என் மேசைக்குத்தான் வந்தது. ராக்கப்பனைக் கூப்பிட்டு நீட்டினேன். உட்கார்வார், நல்ல செய்தியை நான் சொல்லிக் கேட்பார் என்று நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டு வைத்திருந்தேன்.

"என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்றேன், உக்காருங்க," என்றேன்.

"இருக்கட்டும் சார். சாகிர் பாய் படிச்சுச் சொல்லிருவாரு," என்று தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.